சுமையோடு ஓட்டிப் பார்த்தால்தான் சக்கரச் சத்தம் பிடிபடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் வண்டிகளைப் பராமரிப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த பக்கத்தைப் படித்தேன். வைப்பர், பிரேக், டயர் காற்று, பேட்டரி எல்லாம் சொல்லியிருந்தீர்கள். சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கும் எங்களுக்கு உதவும் செய்திதான். ஆனால் சக்கரம் உரசாமல் சுழல அதற்குள் இருக்கும் உருளை வளையமான பேரிங் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் உள்ளே புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் கெட்டுப்போகிற பாகம் அது. எங்கள் வண்டியில் அது கெட்டதைக் கண்டுபிடிக்க ஏழு மாதமும் பதினெட்டாயிரம் ரூபாயும் போயின. மற்றவர்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூரு அல்சூர் மர்பி டவுனில் இருந்துகொண்டு காய்கறி வியாபாரம் செய்கிறேன். சொந்த ஊர் ராயக்கோட்டைக்குப் பக்கம். வாரத்தில் நாலு நாள், சாயந்திரம் காலி வண்டியோடு ராயக்கோட்டை போவோம். ஐம்பது கிரேட் தக்காளி ஏற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி விடிவதற்குள் பெங்களூரு வந்துவிடுவோம். கிரேட்டுக்கு 25 கிலோ என்றால் ஒன்றேகால் டன் சுமை. வண்டி 2009 மாடல் பிக்கப். என் கணவர் வாங்கியது. அவர் போன பிறகு என் தம்பி ஓட்டுகிறான், நான் இடது பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டு வருவேன். 3,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. இத்தனை வருடம் உழைத்த வண்டி, அதில் கம்பெனியின் குறை எதுவும் இல்லை.

2023 ஜனவரியில் ஒரு நாள் ஓசூர் தாண்டி வரும்போது அந்தச் சத்தம் முதலில் காதில் விழுந்தது. ஊ… என்று, எங்கோ தூரத்தில் ரைஸ் மில் ஓடுவது போல. 45-க்கு மேல் போனால் ஆரம்பிக்கும். அறுபதைத் தொட்டால் தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கிற மாதிரி கேபின் முழுக்க நிறையும். வேகம் குறைந்தால் சத்தமும் இறங்கிவிடும். தம்பியிடம் சொன்னேன். “டயர் சத்தம்க்கா, பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பதினான்கு வருடமாக அந்த வண்டியின் சத்தத்தில்தான் தூங்கி விழித்திருக்கிறேன். புதிதாக ஒன்று சேர்ந்தால் எனக்குத் தெரியாதா?

அடுத்த ஏழு மாதத்தில் மூன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். யார் பெயரையும் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவசரப்பட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் ஆள் முன் டயர்களைத் தடவிப் பார்த்து, இதுதான் என்று உறுதியாகச் சொன்னார். அதில் உண்மையும் இருந்தது. என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் வழுவழுப்பாக இருந்தது. உள்ளிருந்து வெளியே இழுத்தால் தேங்காய்த் துருவியில் கை வைத்தது போல் நறநறவென்று பல் பல்லாக இடறியது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகிய வண்டியில் டயர் இப்படித்தான் தேயும். அந்தப் பற்கள் ரோட்டில் அடித்து அடித்து ஊளைச் சத்தம் கொடுக்கும். இரண்டு புது டயர் 13,400 ரூபாய், அலைன்மென்ட் 650. மாற்றியதும் சத்தம் பாதி குறைந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். பத்து நாளில் தெரிந்துவிட்டது, மீதிப் பாதி அப்படியே இருக்கிறது என்று. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சத்தம் இருந்திருக்கிறது. மேலே இருந்ததை எடுத்ததும் அடியில் கிடந்தது தனியாகக் கேட்க ஆரம்பித்தது.

இரண்டாவது இடத்தில், பின் அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுற்றவிடும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் போய்விட்டது, மாற்ற 38,000 ஆகும் என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. அந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியல் பெட்டியின் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு 1,150 கொடுத்துவிட்டு வந்தோம். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவது ஆளிடம், சத்தம் என் காலடியில்தான் கேட்கிறது என்று நானே சொன்னேன். அவர் அதை நம்பி முன் இடது சக்கரத்தின் பேரிங் இரண்டையும் மாற்றினார். 2,900 ரூபாய். பழையதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பழசுதான், ஆனால் எங்கும் சொரசொரப்பில்லை. சத்தமும் நிற்கவில்லை. இது என் தப்பு என்று இப்போது தெரிகிறது. வண்டியின் சேஸ் இரும்பு, பாடி இரும்பு. பின்னால் பிறக்கிற சத்தம் அந்த இரும்பு வழியாக ஓடி முன்னால் வந்து காலடியில் கேட்கும். எங்கே கேட்கிறது என்பதை மட்டும் வைத்து எந்தச் சக்கரம் என்று தீர்மானிக்கவே கூடாது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சத்தம் எப்போது வருகிறது என்று எழுத ஆரம்பித்தேன். தேதி, இடம், வேகம், ரோடு, சுமை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை இதற்கு மிகவும் உதவியது. 2010-இல் திறந்த அந்தப் பாலம் சில்க் போர்டு வரைக்கும் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்கு அதில் ஒரே வேகத்தில் போகலாம், சிக்னல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன். மூன்று வாரம் எழுதிய பிறகு பக்கத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. “அதிகம்” என்று எழுதிய வரிகள் எல்லாமே பெங்களூருக்கு வரும் பயணங்கள். “லேசு” என்று எழுதியவை எல்லாம் ராயக்கோட்டைக்குப் போகும் பயணங்கள். அதே ரோடு, அதே வேகம். வரும்போது தக்காளி இருக்கிறது, போகும்போது இல்லை.

அப்போதுதான் உறைத்தது. மூன்று ஒர்க்‌ஷாப்புக்கும் நாங்கள் காலி வண்டியைத்தான் கொண்டு போயிருக்கிறோம். எல்லோரும் அப்படித்தானே செய்வோம்? சரக்கை இறக்கிவிட்டு, சாவகாசமாக மத்தியானம் கொண்டுபோய் நிறுத்துவோம். அவர்களும் தெருமுனை வரைக்கும் நாற்பதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நோய் இருக்கிற நேரத்தில் டாக்டர் பார்க்கவே இல்லை.

சிவாஜிநகரில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பழைய லாரி, வேன் வேலையில் நாற்பது வருடம் கை பழகியவர். நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது, பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, “தங்கச்சி, சத்தம் எப்போ வருதுன்னு எழுதியிருக்கீங்க. எப்போ வரலைன்னும் எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும். நாளைக்கு லோடோட வாங்க, இறக்காதீங்க” என்றார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஐம்பது கிரேட்டோடு போய் நின்றோம். பாய் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஒவ்வொன்றாகச் செய்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். பழைய பிக்கப் வைத்திருக்கும் யாரும் இதில் முக்கால்வாசியைத் தாங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் ரோடு. பெங்களூரில் இப்போது ஒயிட் டாப்பிங் என்று வெள்ளை கான்கிரீட் போட்ட சாலைகள் நிறைய இருக்கின்றன. தார் ரோட்டில் ஐம்பதில் போய்க்கொண்டே கான்கிரீட்டில் ஏறச் சொன்னார். டயர் சத்தமாக இருந்தால் ரோடு மாறினதும் குரல் மாறும், சில இடத்தில் அடங்கியே போகும். பேரிங் சத்தத்துக்கு எந்த ரோடானாலும் ஒன்றுதான். எங்கள் வண்டியில் மேலோட்டமாக ஒரு இரைச்சல் கூடிக் குறைந்தது, அடியில் இருந்த ஊ… மாறவே இல்லை. ஆக, டயர் காரணம் இல்லை.

அடுத்தது, ஆளில்லாத சமதளமான ரோட்டில் ஐம்பதில் போகும்போது நியூட்ரலில் போட்டு இரண்டு மூன்று விநாடி ஓடவிட்டார். இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது என்று தம்பியிடம் இரண்டு தடவை சொன்னார். இன்ஜினிலோ கிளட்ச்சிலோ கோளாறு என்றால் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சத்தமும் இறங்கியிருக்கும். இறங்கவில்லை. பிறகு கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தார். கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி என்று பெரும்பாலும் மாறும். எங்களுடையது இரண்டுக்கும் ஒரே மாதிரி ஊளையிட்டது. அந்த இடத்தில் 38,000 ரூபாய் மிச்சமானது. இன்ஜின் பக்கமிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் தண்டைத் தாங்கும் நடு ஜாயின்ட் பேரிங் என்றால் தரையில் காலுக்கு அதிர்வு தெரியும் என்று காலை அழுத்தி வைத்துப் பார்த்தார். அதுவும் இல்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் முக்கியம். அகலமான காலி ரோட்டில் நாற்பத்தைந்தில் போகும்போது ஸ்டீயரிங்கை மெதுவாக இடது பக்கம் சாய்த்து, பிறகு வலது பக்கம் சாய்த்து, பாம்பு போவது போல் ஓட்டச் சொன்னார். வண்டி இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரங்களின் மேல் சாயும். வலது பக்கம் திரும்பினால் இடது சக்கரங்களின் மேல் சாயும். கெட்டுப்போன பேரிங்கின் மேல் பாரம் ஏறும்போது அது கூடுதலாகக் கத்தும். இடது பக்கம் சாய்த்த ஒவ்வொரு தடவையும் எங்கள் வண்டி உறுமியது. வலது பக்கம் சாய்த்தால் கிட்டத்தட்ட அடங்கியது. பாய் கையைத் தூக்கினார். “வலது பக்கம். லோடு ஏறினா கூடுதுன்னு தங்கச்சி எழுதியிருக்கு. அப்போ பின்னாடி. வலது பின் சக்கரம்.” வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டார். எப்போதும் இது சரியாக வராது, அதனால்தான் தூக்கிப் பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டேன் என்றும் சொன்னார்.

என் மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறாள். அன்று ராத்திரி இதை அவளிடம் சொன்னபோது அவள் ஒரு தகவல் சொன்னாள், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முன் சக்கரங்களில் இருக்கிற, கூம்பு மாதிரி சாய்ந்த உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை வாங்கிய டிம்கன் என்பவர், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் குதிரை வண்டி கட்டுகிறவராக இருந்தவராம். வண்டி திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற பாரத்தையும், மேலிருந்து அழுத்துகிற பாரத்தையும் சேர்ந்து தாங்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சாய்வு. பாய் ஸ்டீயரிங்கை ஆட்டி ஆட்டிக் கேட்டது அந்தப் பக்கவாட்டுப் பாரத்தைத்தான்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் முதலில் சூடு பார்த்தார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, தூரத்தில் பிடித்தால் டிகிரி காட்டுகிறது. பின் இடது ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) 48, பின் வலது ஹப் 71. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படிச் சுடும், அதனால் இதை மட்டும் நம்ப முடியாது என்று சரக்கை இறக்கச் சொன்னார். தம்பி ஆள் வைத்து வேறு வண்டிக்கு மாற்றினான். அன்று கடைகளுக்கு இரண்டு மணி நேரம் தாமதம். சொன்ன காரணத்தைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் ஆக்ஸிலின் (அச்சின்) கீழ் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கினார். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கை விட வேண்டாம், இதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது. ஆக, பிரேக் பிடிக்கவில்லை. பிறகு மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். லேசாக ‘டொக்’ என்றது. பக்கவாட்டில் இரண்டு கையும் வைத்து ஆட்டி, இப்படி ஆடுவது முன் சக்கரமாக இருந்தால் ஸ்டீயரிங் ஜாயின்ட்டையும் சந்தேகப்பட வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். “பட்டை மேல கை வைங்க தங்கச்சி” என்றார். பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங். ஆக்ஸில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுற்றுகிற எதிலும் படாமல், விரல் நுனியை வைத்தேன். அவர் அந்தப் பக்கம் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். கிரைண்டரில் மாவோடு மணல் சேர்ந்து அரைபட்டால் கல்லில் கை வைக்கும்போது எப்படி இருக்கும்? அதே கரகரப்பு விரலுக்குள் ஏறியது. இடது பக்கம் போய் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, தண்ணீரில் கை வைத்தது போல் அமைதி. ஏழு மாதம் காதால் தேடிய சத்தத்தை விரலால் தொட்டேன்.

சக்கரத்தைச் சுற்றவிடும் ஆக்ஸில் ராடை வெளியே இழுத்தபோது, ஆயில் கசியாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ஆயில் சீல் வளையம் காய்ந்து உதடு கிழிந்திருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் குழம்பு மாதிரி ஒன்று வழிந்தது. எங்கள் வண்டியில் இந்த பேரிங்கை ராடில் பிடித்து வைத்திருப்பது இறுக்கமாக அடித்து ஏற்றிய ஒரு காலர்தான். அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது. பாய் கிரைண்டரால் காலரில் மட்டும் ஒரு கோடு போட்டு, உளியை அந்தக் கோட்டில் வைத்து ஒரு தட்டு தட்டினார், காலர் வாய் பிளந்து தளர்ந்தது. ராடின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. கீறல் விழுந்தால் பிற்பாடு ராடு அந்த இடத்தில்தான் முறியும் என்றார்.

பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். வெளி வளையத்தின் உள் பக்கம் ஒரு இடத்தில், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது போல் இரும்பு செதிள் செதிளாகப் பெயர்ந்திருந்தது. அதன் மேல் நகத்தை ஓட்டினால் இடறியது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. அந்த ஒரு நகம் அளவு பள்ளத்தின் மேல் உருளைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிற வேகத்தில்தான் அந்த ஊ… பிறந்திருக்கிறது. வேகம் கூடினால் சுருதி கூடியது ஏன் என்று அப்போது எனக்கே புரிந்தது.

ஏன் கெட்டது என்று பாய் கேட்டார். 2022 செப்டம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்தது. பெல்லந்தூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோடே ஏரியாகக் கிடந்த நாட்கள் அவை. அங்கே மெஸ்களுக்குக் காய் போட வேண்டியிருந்தது. ஹப் மூழ்கும் அளவுத் தண்ணீரில் இரண்டு நாள் வண்டியை விட்டோம். ஓடிச் சூடான ஹப் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீலில் சின்ன ஓட்டை இருந்தால் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பாய் விளக்கினார். வெள்ளம் வடிந்ததும் பிரேக் ட்ரம்மைக் கழுவினோம், கேபினைக் காய வைத்தோம். ஹப்பைத் திறந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் மழைக்காலப் பக்கத்தில் இந்த ஒன்றையாவது சேர்க்கச் சொல்லி எழுதத் தூண்டியது இதுதான்.

புது பேரிங் வாங்க ஜே.சி.ரோட்டுக்குத் தம்பியோடு நானும் போனேன். பேரிங் வளையத்தின் மேல் ஒரு எண் பொறித்திருப்பார்கள். சாதாரண வகைகளில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துவாரத்தின் அளவு மில்லிமீட்டரில் வரும். 6206 என்றால் ஆறைந்து முப்பது, 30 மில்லிமீட்டர். 32207 என்றால் 35. பாய் சொல்லிக்கொடுத்த இந்தக் கணக்கு எல்லா வகைக்கும் பொருந்தாது, ஆனாலும் கடையில் நிற்கும்போது தைரியம் கொடுத்தது. பெரிய கம்பெனிகளின் பெயரில் போலிகள் சந்தையில் இருப்பதால், அட்டைப் பெட்டியில் இருக்கிற எண்ணும் இரும்பில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா, எழுத்து வெட்டியது போல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்கச் சொல்லியிருந்தார். டேப்பர் பேரிங்காக இருந்தால் கப் என்ற வெளி வளையத்தையும், கோன் என்ற உருளைகளோடு கூடிய உள் வளையத்தையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது கோனைப் போட்டால் பழைய பள்ளம் புது உருளையையும் தின்றுவிடும்.

பேரிங்கும் காலரும் 1,650, ஆயில் சீல் 240, பிரஸ்ஸில் வைத்து ஏற்ற 300, பாயின் கூலி 1,500. மொத்தம் 3,690 ரூபாய். அன்று சாயந்திரம் காலி வண்டியில் ராயக்கோட்டை போகும்போது நான் நம்பவில்லை, காலியில் எப்போதும் லேசுதானே. திரும்பி வரும்போது ஐம்பது கிரேட்டோடு மேம்பாலத்தில் ஏறினோம். அறுபது. பாலத்தின் இணைப்புகளில் தடக், தடக் என்று டயர் தாண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

அந்தக் கலக்கத்துக்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. இந்த மாதிரி ஆக்ஸிலில் பேரிங்தான் வண்டியின் எடையையும் தாங்குகிறது, ராடு வெளியே வராமல் பிடித்தும் வைத்திருக்கிறது. பெரிய லாரிகளில் ஹப்புக்குத் தனியாக இரண்டு பேரிங் இருக்கும், ராடு சுற்றிவிடுவதோடு சரி. சின்ன பிக்கப் பலவற்றில் அந்த வசதி கிடையாது. பேரிங் முழுதாக நொறுங்கினால் சக்கரம் ராடோடு சேர்ந்து வெளியே வரலாம் என்று பாய் சொன்னபோது, ஒன்றேகால் டன்னோடு விடியற்காலை இருட்டில் தம்பி ஓட்டிய அத்தனை ராத்திரியும் என் கண் முன்னால் வந்து போயின. அந்த மேம்பாலத்தில் எங்களுக்குப் பின்னால் வேலைக்குப் போகிறவர்களின் வேன்கள் வரிசையாக வரும்.

அதனால் சில வேண்டுகோள்கள்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கு வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். எங்கள் வண்டிக்கும் அந்த ஏழு மாதத்துக்கு நடுவில் எஃப்.சி. ஆனது. பிரேக் பார்த்தார்கள், லைட் பார்த்தார்கள், புகை பார்த்தார்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஆட்டிப் பார்க்கவில்லை. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகுமா? பழைய சரக்கு வண்டிகளுக்காவது நாலு சக்கரத்தையும் தூக்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அதில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியில் தினமும் உட்கார்ந்து போகிறவரிடம் முதலில் பேசச் சொல்லிக்கொடுங்கள், அது பெண்ணாக இருந்தாலும். மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் தம்பியிடம்தான் பேசினார்கள். என்னிடம், சத்தம் எங்கே கேட்கிறது என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். எப்போது கேட்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த டயர் செலவோடு முடிந்திருக்கும்.

வண்டி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், என்னைப் போல் இடது பக்கம் உட்கார்ந்து வரும் அக்கா தங்கைகளுக்கும்: ஒரு பழைய நோட்டு போதும். எந்த வேகத்தில், எந்த ரோட்டில், சுமையோடா காலியாகவா, எந்தப் பக்கம் திரும்பும்போது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். அதோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், முடிந்தால் சுமையோடு போங்கள். தண்ணீரில் ஹப் மூழ்கும்படி வண்டி ஓடியிருந்தால் அந்த வாரமே நாலு ஹப்பையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பேரிங்கைக் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காய் வாங்க வரும் டிரைவர்கள் சிலர் அந்தப் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேர் மறுநாளே பாயிடம் போயிருக்கிறார்கள். உங்கள் நிருபர் படம் எடுக்க விரும்பினால் காலை பத்து மணிக்கு மேல் வரலாம், அதற்குள் தக்காளி விற்று முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி வியாபாரி,
மர்பி டவுன், அல்சூர்,
பெங்களூரு.